ஒரே தழும்புள்ள ஆறு யானைகள்

அரிசி அளக்கிற படியை என்றைக்காவது நீங்கள் அளந்து பார்த்ததுண்டா?

கடையில் வாங்கியிருந்தால் ஒருவேளை ஒருதரம் பார்த்திருப்பீர்கள். அம்மா வீட்டுச் சீரோடு வந்த படியென்றால் அதுவும் இருக்காது. அதில் அளந்துதான் உலை வைப்போம். சோறு குறைந்தால் அரிசியைச் சொல்வோம், அடுப்பைச் சொல்வோம், வந்து தின்ற ஆளைச் சொல்வோம். படியைச் சொல்ல மாட்டோம்.

நாச்சிமுத்துவும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை வெளுத்த பிறகு அவருக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது. அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிற அவர் ஊரில் அது அதிசயமில்லை. வெள்ளம் வடிந்ததும் ஆற்று மணலைச் சல்லடையில் அரித்துக் காசு பொறுக்குகிற குடும்பங்கள் அங்கே உண்டு. பொறுக்கிய காசை வாங்கிச் சேர்த்துவைக்கிற ஆசைக்காரர்களும் உண்டு. நடுவில், இந்தக் காசு நிஜமா பொய்யா என்று பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் கோகிலவாணியுடையது.

கோகிலவாணிக்கு நாச்சிமுத்துவின் மூத்த மகள் வயது. இடுப்பில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டே இன்னொரு கையில் லென்ஸ் பிடிப்பாள். அவளிடம் போய்த்தான் நாச்சிமுத்து, எனக்கும் காசு பார்க்கச் சொல்லிக் கொடுங்கள் என்று நின்றார்.

"ஏனுங்க கண்டக்டரே, பொட்டப்புள்ளைகிட்டப் போயிப் படிக்கறீங்களாமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"பஸ்ஸுல ஏறுனா டிரைவர் வயசைக் கேட்டுட்டா உக்காருவீங்க?" என்றார் நாச்சிமுத்து.

முதல் நாள் அவர் கேட்டார். "அம்மிணி, எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

கோகிலவாணி ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்து ஒரு காசை எடுத்து வைத்தாள். சதுரமான செப்புக் காசு. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் வில்லும் அம்பும். யானையின் காதுக்குக் கீழே சின்னதாக ஒரு பள்ளம், அம்மைத் தழும்பு மாதிரி.

"இது தாய்க்காசுங்கண்ணா. என் குரு எனக்குக் குடுத்தது. அவருக்கு அவரோட குரு. எந்த யானைக்காசு வந்தாலும் இது பக்கத்துல வெச்சுத்தான் பாக்கறது. இதை வரைங்க."

"வரைஞ்சுட்டுங்க?"

"நாளைக்கும் வரைங்க."

வரைந்தார். அந்தக் கோடை முழுக்க வரைந்தார். கண்ணை மூடினாலும் யானை, திறந்தாலும் யானை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருக்கிற ரசத்தைத் தொட்டு யானை போட்டார். "பேரனுக்கு வெச்ச கிரையானையும் எடுத்துட்டுப் போங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வருகிற காசையெல்லாம் நிறுப்பார்கள். லென்ஸில் ஓரம் பார்ப்பார்கள். கல்லில் தட்டிச் சத்தம் கேட்பார்கள். தாய்க்காசை மட்டும் அப்படிச் செய்வதில்லை. அந்த வீட்டு வழக்கம் அது.

"ஏனுங்க அம்மிணி, இதை மட்டும் பாக்கறதில்லை?"

"உங்களைப் பெத்தவங்ககிட்டப் போயி, நீங்க எனக்கு அம்மாதானான்னு எழுதி வாங்குனீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார்.

அவர் பங்குக்கு அவரும் ஒரு காரியம் செய்தார். சீட்டுப் புத்தகம் புதிதாக அச்சடிக்கும்போது, வக்கீலிடம் கேட்டு, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். 'இது எங்கள் கருத்து மட்டுமே. இதனால் வரும் எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல.'

"இது எதுக்குங்கண்ணா?" என்றாள் கோகிலவாணி.

"பஸ்ஸுல எழுதியிருக்குமுங்களே, உங்க மூட்டை முடிச்சுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு. அதே மாதிரிதானுங்க. நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டு கேஸுன்னு வந்தா?"

அவள் சிரித்தாள். வேண்டாமென்று சொல்லவில்லை.

போன ஆடி வெள்ளத்துக்குப் பிறகு சடையப்பன் ஒரு காசு கொண்டுவந்தார். மணல் அரிக்கிற குடும்பம். அப்பன் காலத்திலிருந்து அதுதான் தொழில். ஈரம் காயாத வேட்டி நுனியில் முடிந்து வந்திருந்தார்.

யானைக்காசுதான். ஆனால் தும்பிக்கை தூக்கியிருந்தது. கால்கள் தூண் மாதிரித் தடிமன். வில் வேறு மாதிரி வளைந்திருந்தது. நாச்சிமுத்து அதைத் தாய்க்காசு பக்கத்தில் வைத்தார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒத்து வரலீங்க அம்மிணி."

கோகிலவாணியும் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தாய்க்காசைப் பார்த்தாள். "ஆமாங்கண்ணா. வரலை."

"என் கையால மணல்ல இருந்து எடுத்ததுங்க" என்றார் சடையப்பன்.

"நீங்க எடுத்தது நெசமா இருக்கலாமுங்க. காசு பொய்யி" என்றாள் கோகிலவாணி.

சீட்டில் 'பொய்' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள்.

அவள் எழுதியது காசை. ஊர் அதோடு ஆளையும் சேர்த்துப் படித்துக்கொண்டது.

மணல் அரிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே செம்பை உருக்கி வார்த்த பொய்க்காசைக் கொண்டுவந்து மணலில் போட்டு, ஆற்றில் கிடைத்தது என்று எவனாவது எடுத்தால், அவன் சல்லடை அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒருத்தன் அப்படிச் செய்தால் கரையில் இருக்கிற எல்லோருடைய காசும் சந்தேகத்துக்கு ஆளாகும். அதனால் யாரும் இரக்கம் பார்ப்பதில்லை. கூடப் பிறந்த தம்பியே சடையப்பனுடைய சல்லடையை வாங்கிக் கரையில் கவிழ்த்து வைத்தான். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'வார்ப்பு'. வார்ப்பு வந்தாரா, வார்ப்பு போனாரா என்று குழந்தைகள்கூடக் கேட்டன.

நாச்சிமுத்துவுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. "என் கண்ணுல சிக்குன முதல் பொய்யிங்க" என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கோகிலவாணி அவர் கையிலும் முத்திரையைக் கொடுத்தாள்.

மாசியில் ஒரு நாள். சின்னப் பிள்ளைக்கு ஊசி போட வேண்டுமென்று கோகிலவாணி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்து மட்டும் இருந்தார். சென்னையிலிருந்து தீனதயாளன் என்று ஒரு காசு வியாபாரி வந்தார். சிரித்த முகம். கைக்குட்டையில் சென்ட் வாசனை.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

நாச்சிமுத்து காசை வாங்கித் தாய்க்காசு பக்கத்தில் வைத்தார்.

அதே யானை. அதே வில். அதே அம்பு. காதுக்குக் கீழே அதே தழும்பு.

இத்தனை நாளில் எந்தக் காசும் தாய்க்காசோடு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. கை குவித்துக் கும்பிடலாம் போலிருந்தது. 'நல்லது' என்று எழுதினார். முத்திரை வைத்தார்.

"அப்பாடா" என்றார் தீனதயாளன். "அப்போ மிச்சமும் நல்லதுதான்."

பையை உதறினார். இன்னும் நாலு காசு துணியில் விழுந்தன.

நாச்சிமுத்து குனிந்தார். இரண்டாவது யானையைப் பார்த்தபோதும் அவருக்குச் சந்தோஷம்தான். காதுக்குக் கீழே தழும்பு இருந்தது. மூன்றாவதைப் பார்த்தார். தழும்பு. அப்போதுதான், படி இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. நாலாவதையும் ஐந்தாவதையும் அவர் கையில் எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது.

"என்ன சார், எழுதுங்க" என்றார் தீனதயாளன்.

ஊசி போட்ட பிள்ளை அழுகிற சத்தம் வாசலில் கேட்டது. கோகிலவாணி உள்ளே வந்தாள். துணியில் கிடந்த காசுகளைப் பார்த்தாள். பிள்ளையைக் கீழே விட்டாள்.

"அம்மிணி, எல்லாம் தாய்க்காசு மாதிரியே இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்களுக்குப் பேரனுக எத்தனை பேரு?"

"நாலு பேருங்க."

"நாலு பேரும் ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு ஊர்ல கீழ விழுந்தாங்கன்னு வெச்சுக்குங்க. நாலு பேருக்கும் முழங்கால்ல அதே எடத்துல, அதே மாதிரி, அதே அளவுல காயம் வருங்களா?"

"வராதுங்க."

"யானை ஒரே மாதிரி இருக்கலாம். ஒரே அச்சுல அடிச்சிருந்தா இருக்கும். தழும்பு மண்ணுக்குள்ள கெடந்து வர்றது. அது எப்படிங்க எல்லாத்துக்கும் ஒண்ணா வரும்?"

"வார்த்ததுங்க" என்றார் நாச்சிமுத்து. பிறகு அவசரமாகச் சொன்னார். "நம்ம தாய்க்காசைப் பாத்துத்தான் எவனோ வார்த்திருக்கான். அதானுங்களே? திருட்டுப் பயல்."

"நம்ம தாய்க்காசு இந்தத் துணியை விட்டு வெளியவே போனதில்லைங்கண்ணா."

அவள் தாய்க்காசை எடுத்து மற்ற ஐந்தோடு சேர்த்தாள். மேலே உள்ளங்கையை வைத்தாள். சோழி கலைக்கிற மாதிரிக் கலைத்தாள். கையை எடுத்தாள்.

"இப்ப எடுங்க. தாயை எடுங்க."

நாச்சிமுத்து குனிந்தார். ஆறு யானைகள். ஒரே தழும்பு. கோடை முழுக்க வரைந்த யானை. கண்ணை மூடினாலும் தெரிகிற யானை. அவர் ஒன்றைத் தொட்டார். விட்டார். இன்னொன்றைத் தொட்டார். விரல் அந்தரத்திலேயே நின்றது.

"தெரியலீங்க அம்மிணி."

கோகிலவாணி லென்ஸை எடுத்தாள். அந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தாள். ஒவ்வொரு காசாக எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். வார்த்த காசுக்கு ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுப்பார்கள். தேய்த்த கோடு போகாது.

ஆறிலும் கோடு இருந்தது.

"இது எல்லாத்துக்கும் தாய் வேற எங்கியோ இருக்குது. நம்ம வீட்டுல இருந்ததும் அதோட குட்டிதான்" என்றாள்.

பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்னோட அஞ்சு காசு எது?" என்று கேட்டார் தீனதயாளன்.

"ஏதாச்சும் அஞ்சை எடுத்துக்குங்க."

அவர் கை போன போக்கில் ஐந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போனது எது, நின்றது எது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

"அந்தச் சீட்டைக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் கோகிலவாணி.

தீனதயாளன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அதெப்படிம்மா? எழுதினது எழுதினதுதானே."

"அது பொய்யிங்க. இப்பத்தானே பாத்தீங்க?"

"நான் பார்த்தேன். வாங்கறவன் பார்க்கலையே." அவர் சமாதானமாகத்தான் பேசினார். "பயப்படாதீங்கம்மா. அடியில பாருங்க, பொறுப்பில்லைன்னு தெளிவா போட்டிருக்கு. உங்க மேல ஒரு கேஸும் வராது. சார் நல்லா யோசிச்சுத்தான் அச்சடிச்சிருக்கார்."

நாச்சிமுத்துவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மிச்சம் நின்ற காசு துணியில் கிடந்தது. பிள்ளை தத்தித் தத்தி வந்து அதை எடுத்தது. மற்ற நாளாக இருந்தால் நாச்சிமுத்து பதறியிருப்பார். கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் வைக்கப் போனபோதுதான் கையைப் பிடித்தாள்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். எழுதாத சீட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்து வரியை நறுக்கத் தொடங்கினாள். வெண்டைக்காய்க் காம்பு நறுக்குகிற மாதிரி, நிதானமாக. நறுக்குகள் தரையில் விழுந்தன.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"சட்டப்படி நாம தப்பிச்சோமுங்க. நம்மகிட்ட யாரும் வந்து ஏன்னு கேக்கப் போறதில்லை. கேட்டாலும் நம்ம குருவுக்குக் குரு குடுத்தது, நமக்கு எப்படித் தெரியும்னு சொல்லலாம். அப்பறம் எதுக்குங்க இது?"

"யாரும் வர மாட்டாங்கதான்" என்றாள் அவள். கத்தரிக்கோல் நிற்கவில்லை. "அப்ப நாமதான் போகணும்."

"யார்கிட்டங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தும்பிக்கை தூக்கிய யானை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. மூன்றாவது காசைப் பார்த்தபோதே வந்துவிட்டது. அவர்தான் அதன் முகத்தில் விழிக்காமல் இருந்தார்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆற்றுக்கு நடந்தார்கள். கோகிலவாணி சீட்டுப் புத்தகத்தையும் முத்திரையையும் ஒரு கூடையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வழியில் நாச்சிமுத்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மன்னிச்சுக்குங்க. தப்பாப் போச்சுங்க. உங்க காசு நல்லதுங்க. கடைசி வார்த்தை வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதைச் சொல்லிவிட்டால் போதும். சல்லடை மறுபடியும் தண்ணீரில் இறங்கும்.

ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பேருக்கு மேல் நின்று அரித்துக்கொண்டிருந்தார்கள். சடையப்பன் கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, அடுத்தவர்களின் சல்லடைக்குக் கம்பி பின்னிக்கொண்டிருந்தார். அறுந்த சல்லடையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பின்னி முடித்ததும் வந்து எடுத்துக்கொள்வார்கள். பேசுவதில்லை.

"வாங்க அம்மிணி. வாங்க கண்டக்டரே" என்றார். எழுந்து துண்டால் மணலைத் தட்டி இடம் காட்டினார். வீடு தேடி வந்த ஒறம்பரைக்குச் செய்கிற மாதிரி.

கோகிலவாணி உட்காரவில்லை.

"அண்ணா, ஆடியில கொண்டு வந்தீங்களே, அந்தக் காசைக் குடுங்க. மறுபடியும் பாக்கணும்."

"எதுக்குங்க? இன்னொருக்கா பொய்யின்னு எழுதவா?"

"எங்க தாய்க்காசு வார்ப்புங்கண்ணா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதை வெச்சுத்தான் உங்களுதைப் பொய்யின்னு எழுதுனோம்."

சடையப்பன் கம்பி முனையை முறுக்கினார்.

"அது இல்லீங்க" என்றார்.

"யார்கிட்டக் குடுத்தீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பொய்க்காசை யாரு வாங்குவா? ஆத்துலயே உட்டுட்டேன்."

"எந்த எடத்துலங்க?"

சடையப்பன் சிரித்தார். "கண்டக்டரே, ஓடற பஸ்ஸுல இருந்து வீசுன டிக்கெட்டு எந்த ஸ்டாப்புல கெடக்குதுன்னு சொல்லுவீங்களா?"

நாச்சிமுத்து மனசுக்குள் வைத்திருந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"காசு போனாப் போகுதுங்க. எனக்கு ஞாபகம் இருக்குது. தும்பிக்கை தூக்குன யானை. தூணு மாதிரி காலு. நல்லதுன்னு எழுதித் தந்தர்றோம். இப்பவே."

"காசைப் பாக்காமயா எழுதுவீங்க?" என்றார் சடையப்பன்.

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

நாச்சிமுத்து கோகிலவாணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"முடியாதுங்கண்ணா. அது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. எதை வெச்சுப் பொய்யின்னு சொன்னனோ அது பொய்யி. அது மட்டும்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே அம்மிணி?" என்றார் நாச்சிமுத்து. கெஞ்சுகிற குரல் வந்துவிட்டது.

"ரெண்டும் வேறதானுங்க" என்றார் சடையப்பன்.

அவர் சல்லடையைக் கீழே வைத்தார். தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மொதல்ல எல்லாம் தெனமும் நெனைப்பேனுங்க. நீங்க ரெண்டு பேரும் வருவீங்க, தப்பாப் போச்சுன்னு சொல்லுவீங்க, நான் இப்படித் திட்டோணும், அப்படித் திட்டோணும்னு. வார்த்தையெல்லாம் சேத்து வெச்சிருந்தேன். நல்ல நல்ல வார்த்தைங்க. அந்தக் கோவம் இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்."

"இப்பத் திட்டுங்க" என்றாள் கோகிலவாணி.

"இப்ப எங்கிருந்து திட்டறது? ஆளாளுக்கு வார்ப்பு வார்ப்புன்னு கூப்புட்டாங்க. மொதல்ல திரும்ப மாட்டேன். அப்பறம் திரும்புனேன். எங்க வீட்டுக்காரி ஒருநாள் சோறு போட்டுட்டு, நெசமாச் சொல்லு, அந்தக் காசை எங்க வெச்சு ஊத்துனேன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். சொல்லிட்டுப் படுத்தா எனக்கே தூக்கம் வரலை. ஒருவேளை ஊத்துனனோ?" அவர் நெற்றியைத் தேய்த்தார். "இப்பெல்லாம் வெடியால எந்திரிச்சா அடுப்பு தெரியுதுங்க. செம்பு உருகற மாதிரி தெரியுது. எங்க வீட்டுல அந்த மாதிரி அடுப்பே கெடையாது. ஆனாத் தெரியுது."

நாச்சிமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"காசு நல்லதுன்னெல்லாம் எழுத வேண்டாமுங்க அம்மிணி" என்றார் சடையப்பன். "நான் ஊத்தலைன்னு யாராச்சும் பாத்துச் சொன்னாப் போதும். ஊருக்கு வேண்டாம். எனக்குச் சொன்னாப் போதும். பாக்க முடியுங்களா? லென்ஸ் வெச்சுப் பாத்தாலும் சரி."

இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். கம்பி கிழித்த கோடுகள். ஆற்றுத் தண்ணீர் படாமல் காய்ந்து வெடித்த விரல்கள்.

கோகிலவாணி அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். கைகளைப் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். நகம், விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் அம்மிணி, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுங்கள் என்று நாச்சிமுத்து உள்ளுக்குள் மன்றாடினார்.

"தெரியலைங்கண்ணா" என்றாள் அவள்.

சடையப்பன் தலையாட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் நாச்சிமுத்துவால் பார்க்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டு, பின்னிக்கொண்டிருந்த சல்லடையை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீரில் ஒரு பையன் எதையோ கண்டெடுத்துக் கத்தினான். எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். சடையப்பன் மட்டும் நிமிரவில்லை.

"அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "நல்லதுன்னு எழுத முடியாது. ஊத்தலைன்னும் எழுத முடியாது. அப்ப நம்மளால எதைத்தானுங்க எழுத முடியும்?"

கோகிலவாணி எழுந்தாள். கூடையிலிருந்து சீட்டுப் புத்தகத்தையும் முத்திரையையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எழுதுங்க."

"எதைங்க?"

"என்னை."

நாச்சிமுத்துவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கையை உதறிக்கொண்டார்.

"மனுசரைப் போயிப் பொய்யின்னு எழுதறதுங்களா? அதுக்கு நாம யாருங்க அம்மிணி?"

"இவரை எழுதுனமே."

சடையப்பனுடைய கை கம்பியில் நின்றுவிட்டது.

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். மூடினார்.

"நான் உங்ககிட்டப் படிச்சவனுங்க. அதே காசை வரைஞ்சு வரைஞ்சு படிச்ச கண்ணு இது. நானும் அதே வார்ப்புத்தான். நான் எழுதுனா அது எப்படிங்க செல்லும்?"

"செல்லாதுங்கண்ணா" என்றாள் கோகிலவாணி. "இவருக்கு எழுதுனதும் செல்லாத சீட்டுத்தானே. தெரிஞ்சுதான் கேக்கறேன். என் பேரைப் போட்டுப் பொய்யின்னு எழுதுங்க. எழுதிட்டுத் தண்ணியில நிக்கறவங்க அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி ஒருதரம் சத்தமாப் படிச்சுடுங்க."